சந்தேகத்தின் செலவு யார் தலையில்?

2003 நவம்பர் 28 முதல் டிசம்பர் 1 வரை நான்கு நாட்கள் வெனிசுவேலா முழுக்க மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். மேசைமேல் இருந்த படிவம் கடையில் வாங்கிய காகிதம் இல்லை. தேசியத் தேர்தல் கவுன்சிலே பாதுகாப்புத் தாளில் அச்சடித்து, வரிசை எண் போட்டுக் கொடுத்தது. ஒரு தாளில் பத்து வரிசை. வரிசைக்கு ஒரு பெயர், அடையாள அட்டை எண், பிறந்த தேதி, கையெழுத்து, கட்டைவிரல் ரேகை. அதிபர் ஊகோ சாவேஸைத் திருப்பி அழைக்கலாமா என்று நாட்டைக் கேட்கும் வாக்கெடுப்பு வேண்டும் என்பது கோரிக்கை. கூட்டம் நகரட்டும் என்று பல மேசைகளில் தன்னார்வலர் ஒருவரே அட்டையைப் பார்த்துப் பெயரையும் எண்ணையும் எழுதிவிடுவார். வந்தவர் கையெழுத்துப் போட்டு, மையில் விரலைத் தொட்டு ஒற்றிவிட்டுப் போவார்.

அப்படி நிரம்பிய தாளில் பத்துப் பெயர்களும் ஒரே கை எழுதியதாக இருக்கும். அதே தாளின் ஓரத்தில் பத்து விதக் கையெழுத்துகள், பத்து விரல் ரேகைகள். இடப்பக்கம் பார்ப்பவருக்கு ஒரு மோசடிக்காரர் தெரிவார். வலப்பக்கம் பார்ப்பவருக்குப் பத்துக் குடிமக்கள் தெரிவார்கள். வெனிசுவேலாவின் அரசியல் அடுத்த ஆறு மாதம் இந்தத் தாளுக்குள்தான் சிக்கிக் கிடந்தது.

செய்தித்தாள்களுக்கு இது கட்சிச் சண்டை. ஆனால் உள்ளே இருந்த கேள்வி மிகப் பழையது. ஒருவர் "இது நான்தான்" என்று சொன்னால், அதை நம்புவது முதல் நிலையா, நம்பாதது முதல் நிலையா? நம்பாதவர் ஏன் நம்பவில்லை என்று சொல்லக் கடமைப்பட்டவரா, அல்லது சொன்னவரே மறுபடி மறுபடி தன்னை நிரூபிக்க வேண்டுமா?

திருப்பி அழைக்கும் உரிமையைக் கொண்டுவந்தவரே சாவேஸ்தான் என்பது இந்தக் கதையின் முதல் விசித்திரம். 1999-இல் அவருடைய காலத்தில் நிறைவேறிய அரசியல் சாசனத்தின் 72-ஆவது பிரிவு, மக்கள் தேர்ந்தெடுத்த எந்தப் பதவியையும் மக்களே பறிக்கலாம் என்கிறது. பதவிக்காலத்தில் பாதி கழிந்திருக்க வேண்டும். வாக்காளர்களில் 20 சதவீதம் பேர் கேட்க வேண்டும். 2003-இல் அந்த 20 சதவீதம் என்பது 24,36,083 கையெழுத்து.

சாவேஸ் தரப்பின் சந்தேகம் வானத்திலிருந்து குதித்ததில்லை. 2002 ஏப்ரலில் ராணுவ அதிகாரிகளும் வணிகர் சங்கத் தலைவர் பெத்ரோ கார்மோனாவும் அவரை இரண்டு நாள் பதவியிலிருந்து இறக்கியிருந்தார்கள். அந்த ஆண்டின் டிசம்பரில் அரசு எண்ணெய் நிறுவனத்தை முடக்கிய வேலைநிறுத்தம் தொடங்கி, இரண்டு மாதம் நாட்டின் கழுத்தை நெரித்தது. 2003 பிப்ரவரியில் எதிர்க்கட்சிகள் தாங்களாகவே ஒரு கையெழுத்து வேட்டையும் நடத்தின. பதவிக்காலம் பாதியைத் தாண்டும் முன்பே வாங்கிய கையெழுத்துகள் என்று கவுன்சில் செப்டம்பரில் அவற்றைத் தள்ளியது. அதில் தவறு காண்பது கடினம். நேற்று கதவை உடைத்தவர் இன்று கதவைத் தட்டி மனுக் கொடுத்தால், வீட்டுக்காரர் தாழ்ப்பாளைத் தடவிப் பார்க்கத்தான் செய்வார். அதற்காகவே இரண்டாவது வேட்டைக்குத் தாளும் விதிகளும் மேற்பார்வையாளர்களும் கவுன்சிலிடமிருந்தே வந்தன. மேசைகளில் இரு கட்சிச் சாட்சிகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆக, சந்தேகத்தை முன்கூட்டியே செலவழித்துத் தீர்த்திருக்க வேண்டிய ஏற்பாடு அது. தீரவில்லை.

ஐந்து பேர் கொண்ட கவுன்சிலில் முக்கிய முடிவுகள் மூன்றுக்கு இரண்டு என்றே விழுந்தன. தலைவர் பிரான்சிஸ்கோ கராஸ்கெரோ. அவரோடு சேர்ந்து பெரும்பான்மையாக நின்றவர்களில் ஒருவர் ஹோர்ஹே ரோட்ரிகஸ், மனநல மருத்துவர். இடதுசாரித் தலைவரான அவருடைய தந்தை 1976-இல் போலீஸ் காவலில் கொல்லப்பட்டார். அரசு எழுதும் காகிதம் எதையெல்லாம் மறைக்கும் என்பதைப் பதினொரு வயதுக்குள் கற்றுக்கொண்ட மனிதர், பிறகு காகிதங்களைச் சரிபார்க்கும் நாற்காலிக்கு வந்தார். அவர் பெயர் இந்தக் கட்டுரையில் இன்னும் சில முறை வரும்.

2004 மார்ச் 2 அன்று கவுன்சில் கணக்கைச் சொன்னது. செல்லுபடியானவை சுமார் 18.3 லட்சம். தனியாக ஒதுக்கப்பட்டவை 8,76,017. காரணம், விவரங்கள் ஒரே கையால் எழுதப்பட்டது போல் இருந்தன. அந்தப் படிவங்களுக்கு விழுந்த பட்டப்பெயர், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒரே வரியை எழுதி எழுதிப் பழகும் நோட்டுப் பக்கத்தின் பெயர். அதற்கு முந்தைய நாட்களிலேயே தலைநகர் கராகஸில் டயர்கள் எரிந்தன, சாலைகள் மறிக்கப்பட்டன. அந்த வாரத்துக் கலவரத்தில் பலர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள்.

இந்த 8,76,017 தான் தத்துவம் படித்தவர்கள் நிதானிக்க வேண்டிய இடம். இந்தியத் தருக்க நூல்கள் ஐயம் என்பதை ஒரு மனநிலையாக விட்டுவிடாமல் அதற்கு இலக்கணம் எழுதின. அந்தி மங்கலில் தூரத்தில் நிற்பது மரக்கட்டையா மனிதனா என்ற உதாரணம் நியாய நூல்களிலும் உண்டு, தமிழ் இலக்கண உரைகளிலும் உண்டு. கட்டைக்கும் மனிதனுக்கும் பொதுவான உயரம் தெரிகிறது. இன்னது என்று பிரித்துக் காட்டும் கையோ காலோ தெரியவில்லை. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஐயம் பிறக்கிறது என்பது நியாய மரபு. பொது அடையாளம் மட்டும் போதாது. பிரித்துக் காட்டும் அடையாளம் எட்டும் தூரத்தில் இருந்தால், ஐயப்படுவதை விட்டுவிட்டுக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

வெனிசுவேலாத் தாளில் பொது அடையாளம் ஒரே கை எழுத்து. மோசடிக்கும் பொருந்தும், உதவிக்கும் பொருந்தும். பிரித்துக் காட்டும் அடையாளமோ அதே வரிசையின் கடைசியில், மை உலர்ந்து கிடந்தது. கிட்டே போய்ப் பார்க்க வழியும் சொல்லப்பட்டது. பார்வையாளர்களாக வந்திருந்த அமெரிக்க நாடுகள் அமைப்பும் ஜிம்மி கார்ட்டரின் மையமும் ஒரு மாதிரி எடுத்துச் சோதிக்கலாம் என்றன. பாதுகாப்புத் தாள், சாட்சிகள், ரேகை எல்லாம் இருக்கும்போது எழுத்து ஒன்றுபோல் இருப்பதை மட்டும் வைத்து ஒதுக்குவதில் தங்களுக்கு உடன்பாடில்லை என்றும் சொல்லின. கவுன்சில் கேட்கவில்லை. கையெழுத்திட வருபவரே எல்லா விவரத்தையும் எழுத வேண்டும் என்பதுதான் விதியின் பொருள், முதியோருக்கும் பார்வையற்றோருக்கும் எழுதத் தெரியாதோருக்கும் மட்டுமே உதவி உண்டு என்பது பெரும்பான்மையின் வாதம். அந்தப் பொருளை ஆட்டம் தொடங்கும் முன் உரக்கச் சொல்லியிருக்கலாம். ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து ஏற்ற பின் ஐயப்படுவதையும் வள்ளுவர் ஒரே துன்பக் கணக்கில் எழுதியிருக்கிறார். கவுன்சில் தானே வகுத்து, தானே அச்சடித்து, தன் ஆட்களை வைத்தே வாங்கியதை மூன்று மாதம் கழித்து ஐயப்பட்டது.

மார்ச் 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் தேர்தல் அமர்வு எதிர்த்திசையில் தீர்ப்பளித்தது. ஒதுக்கிய 8,76,017 கையெழுத்துகளும் உண்மையானவை என்றே கொள்ள வேண்டும். "நான் போடவில்லை" என்பவர் வந்து சொல்லட்டும். எட்டு நாள் கழித்து, மார்ச் 23 அன்று, அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை ரத்து செய்தது. போட்டவர்தான் வந்து "நான்தான் போட்டேன்" என்று உறுதி செய்ய வேண்டும் என்ற கவுன்சிலின் நிலை நின்றது. ஒரே கட்டடம், இரண்டு அறைகள், தாளில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அசைய வேண்டிய கால் மட்டும் யாருடையது என்பது மாறிப்போனது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் ஏழாம் நூற்றாண்டு மீமாம்சகர் குமாரில பட்டர் படித்திருந்தால் சிரித்திருப்பார். மீமாம்சகர்களும் நையாயிகர்களும் நூற்றாண்டுக் கணக்கில் போட்ட சண்டை இதுதான். அறிவு பிறக்கும்போதே செல்லுபடியாகப் பிறக்கிறது, மறுக்கும் காரணம் வந்தால்தான் அது சாயும் என்பது மீமாம்சை. தூரத்தில் தெரிவது தண்ணீர்தானா என்பது போய்க் குடித்துப் பார்த்த பிறகே உறுதி, ஆகவே செல்லுபடி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பது நியாயம். முன்னவர் கேட்பார்: உறுதி செய்யும் அறிவை எது உறுதி செய்யும், அதை எது? பின்னவர் கேட்பார்: எல்லாமே செல்லுபடி என்றால் கானல் நீரை எப்படிக் கண்டுபிடிப்பாய்?

இரண்டு கேள்விகளுமே நல்ல கேள்விகள். தேர்தல் அலுவலகம் நையாயிகனாக இருப்பதில் குற்றம் சொல்ல முடியாது. இறந்தவர் பெயரிலும், ஒருவர் பெயரிலேயே இருமுறையும் கையெழுத்து விழும் உலகம் இது. "நேரில் வாருங்கள்" என்பது ஒரு சோதனை என்ற அளவில் நேர்மையானதும்கூட. ஆனால் பத்தாம் நூற்றாண்டில் மிதிலையில் வாழ்ந்த உதயணர், அவரே நையாயிகர், ஐயத்துக்கு ஒரு வேலி போட்டார். ஐயப்படுகிறவனின் சொந்தச் செயலோடு மோதும் இடம் வரைதான் ஐயம் செல்லும் என்றார். நெருப்பிலிருந்து புகை வருமா என்று வாயால் சந்தேகப்பட்டுக்கொண்டே, புகை வேண்டும் என்று நெருப்பு மூட்டுகிறவன் உண்மையில் சந்தேகப்படவில்லை. உதயணர் இந்த வேலியைப் போட்டது நியாய குசுமாஞ்சலியில், கடவுள் இருப்பை நிறுவும் வாதங்களுக்கு நடுவே. ஒரு தென்னமெரிக்கத் தேர்தல் அலுவலகத்துக்கு அது இப்படிப் பொருந்தும் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

ஏனென்றால் அதே மாதங்களில் அரசின் இன்னொரு கை அந்தப் பட்டியலைச் சிறிதும் சந்தேகப்படவில்லை. கையெழுத்து வாங்கும் முன்பே, 2003 அக்டோபரில், தொலைக்காட்சியில் சாவேஸ் ஒரு விஷயத்தை நினைவூட்டியிருந்தார்: எதிராகக் கையெழுத்திடுபவரின் பெயரும் அடையாள எண்ணும் விரல் ரேகையும் பதிவாகி நிற்கும் என்று. 2004 ஜனவரி இறுதியில், படிவங்களின் நகல்களைத் தன் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸ் தாஸ்கோனிடம் கொடுக்கும்படி கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினார். தாஸ்கோன் பட்டியலை இணையத்தில் ஏற்றினார். அடையாள எண்ணைத் தட்டினால் அந்த நபர் கையெழுத்திட்டாரா என்று தெரிந்துவிடும். தங்கள் பெயரைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தியிருந்தால் மக்கள் கண்டுபிடித்துப் புகார் செய்யட்டும் என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காரணத்தில் பொய் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தட்டிப் பார்த்தவர்கள் பெயருக்கு உரியவர்கள் மட்டுமா? மேலதிகாரிகளும் பார்த்தார்கள்.

ரோசியோ சான் மிகுவேல் தேசிய எல்லைக் கவுன்சிலில் சட்ட ஆலோசகராக இருந்தார். 2004 மார்ச்சில், கணக்கு அறிவிக்கப்பட்ட அதே மாதத்தில், அவருக்கும் உடன் பணியாற்றிய இரண்டு பெண்களுக்கும் ஒப்பந்தத்தை முடித்துக் கடிதம் வந்தது. மூவரும் கையெழுத்திட்டவர்கள். சான் மிகுவேல் அதிகாரிகளைத் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்டார். உரையாடலைப் பதிவும் செய்துகொண்டார். உள்நாட்டு நீதிமன்றங்களில் பலன் இல்லை. அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2018 பிப்ரவரி 8 அன்று, இது அரசியல் காரணத்துக்கான பாகுபாடு, வெனிசுவேலா அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. பதினான்கு வருடம்.

இவர்கள் மூவரோடு நிற்கவில்லை. தாஸ்கோன் பட்டியலுக்குப் பின் வந்த மைசாந்தா என்ற தரவுத்தளத்தில் 1.2 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள், யார் கையெழுத்திட்டார் என்ற குறிப்போடு. அதைக் குடும்ப வருமானக் கணக்கெடுப்போடு இணைத்துப் பொருளியலாளர்கள் சிலர் 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எதிர்ப்பாளர் என்று அடையாளம் காணப்பட்டவர்களின் வருமானம் சுமார் 5 சதவீதம் குறைந்திருந்தது. வேலையில் இருப்போர் விகிதம் 1.3 சதவீதப் புள்ளி சரிந்திருந்தது. 2005 ஏப்ரலில் சாவேஸே அந்தப் பட்டியலைப் புதைத்துவிடுங்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார்; புதைக்க ஏதோ இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

உதயணரின் வேலி இங்கேதான் உடைகிறது. வாக்கெடுப்புக்கு ஆதாரமாகப் போதாத கையெழுத்து, வேலைநீக்கத்துக்கு ஆதாரமாகப் போதுமானதாக இருந்தது. தேர்தல் கவுன்சிலின் மேசையில் "இது நீங்கள்தானா?" என்று கேட்ட அதே அரசு, அலுவலக மேசையில் "இது நீங்கள்தான்" என்று தீர்மானித்தது. இதற்குச் சந்தேகம் என்று பெயர் வைப்பது சந்தேகத்துக்கு அவமரியாதை.

கையெழுத்து மனு என்றாலே பகிரங்கம்தானே என்று ஒருவர் கேட்கலாம். கேட்டவர்கள் சாதாரண ஆட்களும் இல்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் ரகசிய வாக்கையே எதிர்த்தார். வாக்கு என்பது பொதுப் பொறுப்பு, அண்டை வீட்டார் பார்க்க அதை நிறைவேற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு வாக்கெடுப்பு மனுவில் கையெழுத்திட்டவர்களின் பெயர்களை வெளியிடலாமா என்ற வழக்கு 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. பொதுவாக வெளியிடலாம், அச்சுறுத்தல் நிரூபிக்கப்பட்டால் விலக்குக் கேட்கலாம் என்று நீதிபதிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முடிவு செய்தார்கள். துணிவில்லாமல் குடிமை இல்லை என்ற தொனியில் நீதிபதி அன்டோனின் ஸ்காலியா தனியாகவும் எழுதினார். வாஷிங்டனில் பட்டியலைப் படிக்கப்போவது பக்கத்து வீட்டுக்காரர். வெனிசுவேலாவில் படித்தது எண்ணெய் நிறுவனத்தையும் அமைச்சகங்களையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்தும் முதலாளி. எண்ணெய் வேலைநிறுத்தத்துக்குப் பின் பதினெட்டாயிரம் பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கியிருந்த முதலாளி. துணிவைப் பற்றிய மில்லின் வாதத்துக்குச் சம்பளப் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்ற அடிக்குறிப்பு தேவைப்படுகிறது.

2004 ஏப்ரலில் கணக்கு மறுபடி மாறியது: செல்லுபடி 19,10,965, உறுதி செய்யப்பட வேண்டியவை 11,92,914, முழுமையாகத் தள்ளப்பட்டவை 3,75,241. வாக்கெடுப்பு வேண்டுமென்றால் இன்னும் 5,25,118 பேர் வர வேண்டும். தங்கள் பெயர் இணையத்தில் இருக்கிறது, அலுவலகத்தில் தெரிந்துவிட்டது, கையெழுத்தைத் திரும்பப் பெறவும் அதே மையத்தில் வசதி உண்டு. இத்தனையும் அறிந்தவர்கள் மே 28 முதல் 30 வரை மறுபடி வரிசையில் நின்றார்கள். கார்ட்டரும் அமெரிக்க நாடுகள் அமைப்பின் பொதுச் செயலாளர் செசார் கவீரியாவும் கராகஸில் இருந்தார்கள். இறுதிக் கணக்கு 25,41,636. எல்லைக்கோட்டைவிட ஒரு லட்சத்துச் சொச்சம் கூடுதல்.

சாவேஸ் ஜூன் 3 அன்றே ஏற்றுக்கொண்டார், அதுவும் உற்சாகமாக. 1859-இல் எசெக்கியேல் சமோரா என்ற தளபதி பின்வாங்குவது போல் பின்வாங்கி எதிரியை உள்ளே இழுத்து முறியடித்த சாந்தா இனெஸ் போரைச் சொல்லி, இதுவும் அதுபோலத்தான் என்றார். (தேர்தல் கவுன்சிலில் எதிர்க்கட்சிப் பக்கம் சாய்ந்து வாக்களித்து வந்த துணைத் தலைவரின் பெயரும் எசெக்கியேல் சமோராதான். வரலாறு சில சமயம் பெயர் வைப்பதில் சோம்பேறி.) ஆகஸ்ட் 15 அன்று நள்ளிரவைத் தாண்டியும் வாக்களிக்க நின்றார்கள். அவரை நீக்க வேண்டாம் என்றவர்கள் 58,00,629. நீக்க வேண்டும் என்றவர்கள் 39,89,008.

அடுத்த நாள் நாற்காலிகள் இடம் மாறின. மார்ச்சில் "நல்லெண்ணத்தோடு நம்புங்கள்" என்று நீதிமன்றம் ஏறியவர்கள், ஆகஸ்டில் எதையும் நம்ப மறுத்தார்கள். நீக்க வேண்டும் என்ற பக்கம் 59-க்கு 41 என்று வென்றதாக அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கருத்துக்கணிப்பு வாக்குப்பதிவு நாளிலேயே சுற்றியது. கவுன்சில் சொன்னது கிட்டத்தட்ட அதைத் தலைகீழாக்கிய எண். 150 வாக்குப் பெட்டிகளை மாதிரியாக எடுத்து, இயந்திரக் கணக்கோடு காகிதச் சீட்டுகளை எண்ணிப் பார்க்கும் தணிக்கை நடந்தது. மார்ச்சில் மாதிரி எடுக்கச் சொன்னதே எதிர்க்கட்சி நம்பிய பார்வையாளர்கள்தான். இப்போது அவர்கள் முன்னிலையில் நடந்த தணிக்கையில் எதிர்க்கட்சி பங்கேற்கக்கூட இல்லை. தணிக்கையில் வித்தியாசம் மிகச் சிறியதாகவே வந்தது. தனக்குப் பிடிக்காத முடிவு வந்தால் நையாயிகன், பிடித்தது வந்தால் மீமாம்சகன் என்று இருப்பது ஆளும் கட்சிக்கு மட்டும் உரிய வியாதி இல்லை. ஆனாலும் இரண்டு சந்தேகங்களும் சமம் என்று தராசைத் தட்டிவிட்டுப் போக முடியாது. எதிர்க்கட்சியின் சந்தேகத்தால் ஓர் ஆட்சியாளரின் தூக்கம் கெட்டிருக்கலாம். கவுன்சிலின் சந்தேகத்தால் பதினொன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் "மறுபடி வா" என்ற பட்டியலில் ஏறினார்கள்; வந்தவர்கள், தங்களைக் குறித்து வைத்திருக்கும் அரசின் முன்னாலேயே மறுபடி விரலை நீட்டினார்கள்.

2016-இல், சாவேஸுக்குப் பின் அதிபரான நிகோலாஸ் மதுரோவுக்கு எதிராக இதே ஏற்பாடு. இப்போது 20 சதவீதம் கேட்பதற்கு முன்பு, கேட்க அனுமதி கேட்க, 1 சதவீதம் கையெழுத்து வேண்டும்: 1,95,721. கவுன்சில் 13,52,052-ஐ ஏற்று 6,05,727-ஐத் தள்ளியது. பட்டியலில் இறந்தவர்கள் இருக்கிறார்கள் என்று ஆளும் கட்சியின் சரிபார்ப்புக் குழுத் தலைவராகத் தினமும் பேட்டி கொடுத்தவர், அப்போது கராகஸ் நகரின் மேயராகியிருந்த ஹோர்ஹே ரோட்ரிகஸ். ஏற்கப்பட்டவர்களும் ஜூனில் நேரில் போய் ரேகை இயந்திரத்தில் விரல் வைத்தார்கள். 3,99,412 பேர் தேறினார்கள். அக்டோபர் 20 அன்று, பல மாநிலக் குற்றவியல் நீதிமன்றங்கள் முதல் கட்டத்தில் மோசடி என்று சொன்னதை வைத்து, கவுன்சில் எல்லாவற்றையும் நிறுத்தியது. மதுரோவைத் திருப்பி அழைக்க 2022 ஜனவரி 26 அன்று நடந்த முயற்சி இன்னும் சுருக்கம்: நாடு முழுக்க 1,200 மையங்கள், 12 மணி நேரம், 42 லட்சம் கையெழுத்து. கணக்குப் போட்டால் ஒரு மையத்தில் நிமிடத்துக்கு ஐந்து பேர் ரேகை வைக்க வேண்டும். 42,421 பேர் வைத்தார்கள். இங்கே யாரையும் சந்தேகப்படவேண்டிய அவசியமே எழவில்லை.

2024 ஜூலை 28 அதிபர் தேர்தலில் காகிதம் மறுபக்கத்திலிருந்து வந்தது. வாக்குச்சாவடி இயந்திரம் அச்சடித்துத் தரும் முடிவுத் தாள்களை எதிர்க்கட்சிச் சாட்சிகள் கையோடு எடுத்துவந்தார்கள். எண்பது சதவீதத்துக்கு மேற்பட்ட சாவடிகளின் தாள்கள் இணையத்தில் ஏறின. மதுரோ வென்றார் என்று அறிவித்த கவுன்சில் சாவடிவாரி முடிவுகளை வெளியிடவில்லை. எதிர்க்கட்சி காட்டும் தாள்கள் போலி, பலவற்றில் கையெழுத்தே இல்லை என்று செய்தியாளர்களைக் கூட்டிச் சொன்னவர் தேசிய சபையின் தலைவர் ஹோர்ஹே ரோட்ரிகஸ். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு, 2004 மார்ச்சில் குடிமக்களின் கையெழுத்தை நம்பச் சொன்ன அதே தேர்தல் அமர்வுக்குப் போனது. ஆகஸ்ட் 22 அன்று அந்த அமர்வு, தாள்களை நிபுணர்கள் சரிபார்த்துவிட்டார்கள், மதுரோவின் வெற்றி உறுதி என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தாள்களைக் குடிமக்களுக்குக் காட்டச் சொல்லவில்லை.